காலி நாற்காலியின் ஜோடி

ஸ்லேடன்
9 செப்டம்பர் 1985

அன்புத் தங்கை ஐவிக்கு,

இதை எழுதுவது உன் அண்ணன் ஆம்புரோஸ்தான். வகுப்பு டீச்சர் மிஸ் ஃபென் எழுதித் தரவில்லை. பக்கத்து வீட்டு மேவிஸும் எழுதித் தரவில்லை. உறை மேல் உள்ள விலாசமும் என் கைதான். இது உன் கையில் இருக்கிறது என்றால் விலாசம் சரி என்று அர்த்தம்.

இடது முழங்காலைத் தவிர இங்கே எனக்கு எல்லாம் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஜூலையில் பார்த்தபோது மெலிந்திருந்தாய். கேட்டதற்குப் பேச்சை மாற்றினாய்.

சனிக்கிழமை பஸ் ஏறி ஆல்ட்பரி பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பினேன். வேலை ஒன்றும் இல்லை. பலகைகளை வாசிக்கத்தான் போனேன். முப்பத்தெட்டு வருஷம் கவுண்டி மன்றத்துக்காக ரோட்டோரம் பலகை நட்டவன் நான். எந்தப் பலகை எந்த ஊருக்கு என்று லாரி டிரைவர் சொல்லுவான், நான் குழி தோண்டுவேன். அவ்வளவுதான் எனக்கும் அவற்றுக்கும் இருந்த பழக்கம். இப்போது ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துப் பேசுகிறது, ஐவி! ‘மெதுவாகச் செல்லவும்’ என்று ஒன்று. நானும் மெதுவாகத்தான் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.

ஒரு புகார். குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் வருவதே இல்லை. முனையிலேயே திரும்பிப் போகிறது. நீ மன்றத்து உறுப்பினர். சொல்லி வை.

கை வலிக்கிறது. ஆனால் நிறுத்த மனசில்லை.

உன் அண்ணன்
ஆம்புரோஸ் டக்வெல்
(உனக்கு முழுப் பெயர் தேவையில்லைதான். எழுத வருகிறதே என்று எழுதினேன்.)


ஆல்ட்பரி
17 செப்டம்பர்

அன்பு அண்ணா,

தபால்காரர் தந்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து படித்தேன். உன் பென்ஷன் தாள், வாடகைத் தாள், அண்ணியின் கல்லறைக் கல்லில் போட வேண்டிய வரி, எல்லாவற்றையும் எழுதியவள் நான். உன்னிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வரும் என்று நினைத்ததே இல்லை. மேஜையில் விளக்கடியில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

குப்பையைப் பற்றி. அண்ணா, பன்னிரண்டு வருஷமாக நான் இந்த மன்றத்தில் இருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாக எல்லோரும் என்னிடம் குப்பையைத்தான் கேட்கிறார்கள். குப்பை கவுண்டி மன்றத்தின் வேலை அல்ல, வட்ட மன்றத்தின் வேலை. ரோடு எங்களுடையது. ரோட்டில் கிடக்கும் குப்பை எங்களுடையது அல்ல. பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் இல்லம், தீயணைப்பு வண்டி, இவை எங்கள் தலையில். குப்பைக்கு வட்டத்துக்கு எழுது. இப்போதுதான் எழுத வருகிறதே!

முழங்காலுக்குச் சூடான ஃபிளானல் துணி சுற்று. இங்கே ரோஜாக்கள் முடிந்துவிட்டன.

உன் தங்கை
ஐவி


ஸ்லேடன்
6 அக்டோபர்

அன்புத் தங்கை ஐவிக்கு,

ஃபிளானல் சுற்றினேன், முழங்கால் நன்றி சொல்கிறது. ரோஜாவைப் பற்றி எழுதினாய், உன்னைப் பற்றி எழுதவில்லை.

ஒரு கெட்ட சேதி. எங்கள் கிளை நூலகத்தை மூடப் போகிறார்களாம். செவ்வாய் சாயங்காலம் எங்கள் வகுப்பு நடப்பது அந்த அறையில்தான். நான் பாதிப் புத்தகத்தில் நிற்கிறேன், ஐவி. எழுபத்தொரு வயதில் பாதியில் நின்றால் மீதியை எப்போது படிப்பது?

எங்கள் ஊருக்கு மன்றத்து உறுப்பினர் லயனல் ஹார்பாட்டில், கன்சர்வேடிவ் கட்சிக்காரர், உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பப்பில் வந்து உட்கார்ந்தார். மேவிஸ் விடுவாளா?

“மெம்பரே, எங்க ரூமை மூடப் போறீங்களாமே?”

“கூரை ஒழுகுது மேவிஸ். ஹீட்டருக்குக் குடுத்து மாளல. வர்றதோ ஒம்பது பேரு.”

“ஒம்பது பேருன்னா சும்மாவா? உங்க பண்ணையில நாயே நாலுதான் இருக்கு.”

“அந்த நாலும் சொன்ன பேச்சைக் கேக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் எழுந்து நின்று, “ஐயா, நான் பாதிப் புத்தகத்துல இருக்கேன்” என்றேன். “ஆல்ட்பரியில பெரிய நூலகம் இருக்கே ஆம்புரோஸ்” என்றார். “சாயங்காலம் திரும்பி வர பஸ் இல்லீங்களே” என்றேன். “அதுவும் நெசந்தான்” என்றார். ஆனால் மூடமாட்டேன் என்று சொல்லவில்லை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த மன்றத்தை யார்தான் ஆள்கிறார்கள்? மேவிஸைக் கேட்டால், “எந்த மன்றம்? என்னோட கவுண்டி அது இல்ல” என்கிறாள். எழுபத்து நாலில் ஒரே இரவில் நம் ஊரைப் பக்கத்துக் கவுண்டியிலிருந்து பிடுங்கி இந்தக் கவுண்டியில் போட்டார்கள் அல்லவா? பலகையை மாற்றி நட்டவனே நான். மேவிஸ் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்மஸ் வாழ்த்தில் பழைய கவுண்டிப் பெயரைத்தான் எழுதுகிறாள்.

வட்ட மன்றத்துக்குக் குப்பையைப் பற்றி எழுதவில்லை. அங்கே எனக்கு யாரைத் தெரியும்? உனக்கே சொல்கிறேன்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அண்ணன் ஆம்புரோஸ்


ஆல்ட்பரி
27 அக்டோபர்

அன்பு அண்ணா,

பதில் தாமதம். கொஞ்சம் வேலை.

யார் ஆள்கிறார்கள் என்று கேட்டாய். யாரும் இல்லை. மொத்தம் அறுபத்திரண்டு பேர். கன்சர்வேடிவ் முப்பத்தொன்று. எங்கள் லேபர் கட்சி இருபத்து நாலு. லிபரல்கள் ஏழு பேர். எங்களோடு கை தூக்குவார்கள், ஆனால் எங்களைத் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஆக, முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. மே மாதத் தேர்தலிலிருந்து இப்படித்தான். ஒருவருக்கு ஜலதோஷம் வந்தால் ஒரு பள்ளிக்கூடம் மூடப்படும், இன்னொருவருக்குக் கார் டயர் வெடித்தால் அது திறக்கப்படும்.

ஓட்டு சமமாக வந்தால் தலைவர் அம்மா இன்னொரு ஓட்டும் போடலாம். இருப்பதை இருக்க விடுவதற்கே அந்த ஓட்டைப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். மிஸஸ் டாட்ரிஜ் கன்சர்வேடிவ்தான், ஆனால் வழக்கத்தை மீறாதவர்.

நூறு வருஷத்துக்கு முன் மன்றமே கிடையாது. நாலைந்து பண்ணையார்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து திருடனுக்கும் தண்டனை கொடுப்பார்கள், பாலத்துக்கும் பணம் ஒதுக்குவார்கள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் மன்றம் வந்தது, எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள், யார் வந்தார்கள் தெரியுமா? அதே பண்ணையார்கள். ஹார்பாட்டில் பண்ணை எப்போதுமே எல்லைக்கு இந்தப் பக்கம்தான், அவருடைய கொள்ளுத் தாத்தா படமும் மன்றத்துப் படிக்கட்டில் தொங்குகிறது. அதே மூக்கு.

உங்கள் அறை விஷயம் பிப்ரவரி பட்ஜெட் கூட்டத்தில்தான் முடிவாகும். அதுவரை படி.

எழுதினதில் களைத்துவிட்டேன். இன்றைக்கு இது போதும்.

ஐவி


ஸ்லேடன்
24 நவம்பர்

அன்புத் தங்கைக்கு,

நேராகக் கேட்கிறேன். வியாழக்கிழமை நீ எங்கே போனாய்?

மிஸ் ஃபென் எங்கள் ஒன்பது பேரையும் வேனில் ஏற்றி மன்றம் பார்க்க அழைத்து வந்தாள். உனக்குச் சொல்லாமல் வந்து அதிசயிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். மாடியில் பார்வையாளர் பெஞ்சு. முதலில் பாதிரியார் ஜெபம் சொன்னார். தலைவர் அம்மா கழுத்தில் நம் குதிரை வண்டிச் சங்கிலி மாதிரி தங்கச் சங்கிலி. ஒவ்வொரு மேஜையிலும் பெயர் எழுதிய கட்டை. அத்தனையையும் வாசித்தேன், ஐவி. ‘மிஸஸ் ஐ. ஸ்டான்டன்’ என்பதையும் வாசித்தேன். என் தங்கையின் பெயரை அவ்வளவு பெரிய சபையில் நானே வாசித்தேன். அதற்குப் பின்னால் இருந்த நாற்காலி காலி.

ஓட்டெடுக்கும் நேரம் வந்ததும் எங்கள் ஹார்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டார். மேவிஸ் என் விலாவில் இடித்தாள்: “பாத்தியா? ஊருக்காக ஒரு கை தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு வந்துடுச்சு இவருக்கு.”

நான் இறங்கிப் போனேன். நீளமான நடைக்கூடம், அதன் கோடியில் ஜன்னல் பக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“ஐயா, உள்ள ஓட்டு நடக்குது” என்றேன்.

“தெரியும் ஆம்புரோஸ்.”

“நீங்க போகலையா?”

“நான் போகக் கூடாது.”

“எங்க ஐவியைப் பாத்தீங்களா? நாற்காலி காலியா கிடக்கு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. விற்கப் போகும் பசுவை அதன் சொந்தக்காரன் பார்ப்பான் அல்லவா, அப்படி. “அதை நீங்க உங்க தங்கச்சிகிட்டதான் கேக்கணும். என்கிட்ட கேக்காதீங்க” என்றார்.

அதனால் கேட்கிறேன்.

அண்ணன் ஆம்புரோஸ்

பி.கு. இந்தக் கடிதத்தில் குப்பையைப் பற்றி எழுதவில்லை, கவனித்தாயா?


ஆல்ட்பரி
8 டிசம்பர்

அன்பு அண்ணா,

ஜலதோஷம். வேறொன்றும் இல்லை. நீ வருவது தெரிந்திருந்தால் எப்படியாவது வந்திருப்பேன்.

ஹார்பாட்டிலைத் திட்டாதே. மன்றத்தில் ‘ஜோடி’ என்று ஒரு வழக்கம். இந்தப் பக்கத்தில் ஒருவர் வர முடியாவிட்டால், அந்தப் பக்கத்தில் ஒருவர் தானும் ஓட்டுப் போடுவதில்லை என்று வாக்குக் கொடுப்பார். இரண்டு கையும் குறைந்தால் தராசு அசையாது. எதிலும் எழுதி வைப்பதில்லை. என் ஜோடி அவர். நான் வராத நாளில் அவர் நடைக்கூடத்தில் நிற்பார்.

கிறிஸ்மஸுக்கு வரவேண்டாம். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை உன் நெஞ்சுக்கு ஆகாது. உனக்காக ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியதுதான், இந்த வருஷம் பின்னவில்லை.

ஐவி


ஸ்லேடன்
29 டிசம்பர்

அன்புத் தங்கைக்கு,

ஸ்வெட்டர் பொருந்துகிறது. கிறிஸ்மஸ் மேவிஸ் வீட்டில். அவள் கோழியைக் கருக்கிவிட்டு அடுப்பைத் திட்டினாள். பரிமாறிவிட்டு, “வாய்விட்டுப் படிச்சுக் காட்டு, இல்லேன்னா புட்டிங் கிடையாது” என்றாள். என் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். நடுவில் தூங்கிவிட்டாள். நான் நிறுத்தியதும் விழித்துக்கொண்டு, “ஏன் நிறுத்தின?” என்று கோபித்துக்கொண்டாள்.

நீ வரவேண்டாம் என்றாய், வரவில்லை. ஆனால் டிசம்பரில் யாராவது வீட்டுக்கு பெயின்ட் அடிப்பார்களா, ஐவி?

உன் கடிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் நான் எல்லா எழுத்தையும் படமாகத்தான் பார்ப்பேன். அந்தக் கண் இன்னும் போகவில்லை. செப்டம்பரில் உன் வரிகள் உழுத சால் மாதிரி நேராக இருந்தன. இந்தக் கடைசிக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்குகிறது.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. பதில் மட்டும் போடு.

ஆம்புரோஸ்


ஆல்ட்பரி
9 ஜனவரி 1986

அண்ணா,

14ஆம் தேதி, செவ்வாய். நூலகக் குழுக் கூட்டம், காலை பத்தரை, கவுண்டி மாளிகை. வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்கார். கனமான கோட்டுப் போட்டுக்கொண்டு வா. அழாதே. அங்கே அழுகிறவர்களை யாருக்கும் பிடிக்காது.

ஐவி


ஸ்லேடன்
15 ஜனவரி

என் ஐவி,

நீ சொன்னபடி அழவில்லை. பஸ்ஸில் அழுதேன், அது மன்றத்துக்குச் சொந்தமான இடம் இல்லை.

ஹார்பாட்டில் உன்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது, யாரோ ஒரு வயதான அம்மாள் என்றுதான் நினைத்தேன். தலையில் கட்டியிருந்த நீலத் துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், போன வருஷம் நான் வாங்கித் தந்தது. உன் முடியெல்லாம் எங்கே போயிற்று?

குழுத் தலைவர், “எல்லாரும் வந்தாச்சா?” என்றார். நீ, “நான் வந்திருக்கேன். நல்லா பாத்துக்குங்க, அப்புறம் வரலைன்னு சொல்லிடாதீங்க” என்றாய். எல்லோரும் சிரிக்க முயன்றார்கள். எழுத்தர் வருகைப் புத்தகத்தை உன் மடியில் வைத்தார். நீ தோளிலிருந்து கை முழுவதையும் அசைத்துக் கையெழுத்துப் போட்டாய். நான் முதல் முதலாக எழுதியபோது அப்படித்தான் போட்டேன். பிறகு ஹீட்டர்களைப் பற்றிப் பேசினார்கள், நீ தூங்கிவிட்டாய். ஹார்பாட்டில் தன் கோட்டைக் கழற்றி உன் மேல் போட்டார். அவருடைய கட்சிக்காரர் ஒருவர் குனிந்து அவர் காதில், “என்ன லயனல், தாதி வேலையும் சேத்துப் பாக்கறீரா?” என்றார். “சம்பளம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், சும்மா இரு” என்றார் இவர்.

வெளியே ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உன் கையைப் பிடித்தேன். “குப்பை வண்டி வந்துச்சா அண்ணா?” என்று கேட்டாய். அதைத் தவிர வேறு பேச விடவில்லை. கதவை மூடிவிட்டார்கள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் மறைக்கலாம். இப்போது நான் அப்படி இல்லையே.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுது. ஞாயிறு வருகிறேன்.

ஆம்புரோஸ்


ஆல்ட்பரி பொது மருத்துவமனை
21 ஜனவரி

அன்பு அண்ணா,

இதை எழுதுவது நர்ஸ் ஓவன். சொல்வது நான். இனிமேல் எனக்கு இப்படித்தான். உனக்குப் பழகின ஏற்பாடுதான்.

ஞாயிறு நீ வந்தபோது பேச மூச்சு இருக்கவில்லை. நீ படித்துக்கொண்டே இருந்தாய், நல்லது. கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஆறு மாதம் எந்தக் கூட்டத்திலும் தலைகாட்டாத உறுப்பினரின் இடம் தானாகவே போய்விடும். சட்டம் அது. நான் கடைசியாக வந்தது ஜூலை நடுவில். மன்றம் ஓட்டுப் போட்டு விடுப்புத் தரலாம்தான். ஆனால் அதற்கு என் வயிற்றில் இருப்பதை அறுபத்தோரு பேர் முன்னால் வாசிக்க வேண்டும். அது வேண்டாம் என்று நினைத்தேன். என் இடம் போனால் ஜோடியும் போகும். ஹார்பாட்டில் உள்ளே போய் உட்காருவார், முப்பத்தொன்றுக்கு முப்பது, உன் அறை போய்விடும். ராஜினாமா செய்து வீட்டில் படுத்துக்கொள் என்று டாக்டர் செப்டம்பரிலேயே சொன்னார். அப்போதுதான் உன் முதல் கடிதம் வந்தது.

உனக்குச் சொல்லியிருந்தால் ‘அறை வேண்டாம், படுத்துக்கொள்’ என்று நீயும் சொல்லியிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

பட்ஜெட் கூட்டம் பிப்ரவரி இருபது, அதுவரை நான் உயிரோடு இருந்தால் போதும். இருப்பதற்கு முயற்சி செய்கிறேன். கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது.

ஹார்பாட்டிலுக்கு நன்றி சொல்லாதே. அவருக்குப் பிடிக்காது. ஏதோ பழைய பாக்கி என்று அவர் நினைக்கிறார்.

உன் தங்கை

(ஐவி அம்மா கையெழுத்துப் போட விரும்பினார், பாதியில் தூங்கிவிட்டார். – நர்ஸ் ஓவன்)


ஸ்லேடன்
25 பிப்ரவரி

மதிப்புக்குரிய ஹார்பாட்டில் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இருக்கிறேன். ஒன்பதாம் தேதி ஐவி போனாள். அடக்கத்தன்று மழையில் தாங்கள் கடைசி வரை நின்றதைப் பார்த்தேன். என் தங்கையைத் தவிர நான் கடிதம் எழுதும் முதல் ஆள் தாங்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருபதாம் தேதிக் கூட்டத்தில் தாங்கள் வெளியே நின்றீர்கள். உள்ளே நடந்தது தங்களுக்குத் தெரியாது அல்லவா? யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் நம்பிக்கை இல்லாமல்தான் வந்தோம். மிஸ் ஃபென் வேனிலேயே சொல்லிவிட்டாள், ஆள் இறந்தால் ஜோடி முடிந்தது என்று. மேவிஸ் தன் புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஐவியின் பெயர்க்கட்டையை எடுத்துவிட்டிருந்தார்கள். அதன் அடையாளம் மட்டும் மேஜையில் வெளிறித் தெரிந்தது. ஓட்டுக்கு மணி அடித்தார்கள். தாங்கள் எழுந்தீர்கள். தங்கள் கட்சிக்காரர் கோட்டைப் பிடித்து இழுத்ததும், அவர் சொன்னதும் மாடி வரைக்கும் கேட்டது.

“எங்க போறீர்? அந்தம்மாதான் போயாச்சே!”

“நான் வாக்குக் குடுத்தது அவங்ககிட்ட. திருப்பி வாங்கிக்கலாம்னா அவங்க இல்லையே” என்றீர்கள்.

அவ்வளவுதான் தாங்கள் கேட்டிருப்பீர்கள். கதவு மூடிய பிறகு தங்கள் கட்சிக்காரர்கள் சொன்னதை நான் எழுதமாட்டேன். சில வார்த்தைகளை மிஸ் ஃபென் எங்களுக்குக் கற்றுத் தரவில்லை.

முப்பது, முப்பது. தலைவர் அம்மா எழுந்தார். அந்தச் சங்கிலி அவரைக் கீழே இழுப்பது போல இருந்தது. “மூடணும்னுதான் ஓட்டுப் போட்டேன், இப்பவும் அதான் என் எண்ணம். ஆனா தலைவர் ஓட்டு இருக்கறதை இருக்க விடத்தான்” என்று சொல்லி, அதே கையை மறுபடி தூக்கினார். ஒரே அம்மா, ஒரே கை, மூடு என்றும் தூக்கினார், மூடாதே என்றும் தூக்கினார். மேவிஸ், “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தார், ஆனா அவருக்குச் சங்கிலி கிடையாது” என்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பையிலிருந்த புத்தகங்கள் பெஞ்சுக்கடியில் விழுந்தன.

நன்றி சொல்லக் கூடாது என்று ஐவி சொல்லியிருக்கிறாள். சொல்லவில்லை. நேற்று சாயங்காலம் வகுப்பு இல்லாத நாளாக இருந்தும் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்து புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். கூரை ஒழுகத்தான் செய்கிறது.

இன்னொன்று. குப்பை வண்டி எங்கள் சந்துக்குள் இன்னும் வருவதில்லை. முனையிலேயே திரும்பிவிடுகிறது. தாங்கள் எங்கள் உறுப்பினர். சொல்லி வைத்தால் நல்லது.

தங்கள்
ஆம்புரோஸ் டக்வெல்


ஹார்பாட்டில் பண்ணை
4 மார்ச்

அன்புள்ள மிஸ்டர் டக்வெல்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கன்று ஈனும் காலம், இரண்டு பசுக்கள் சிரமப்படுகின்றன. மற்றபடி நலம். உங்கள் முழங்காலும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கையின் கடைசி வாரங்களில் அவர் சொல்லி அதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒளிவு மறைவு வேண்டாம். அந்த அறையை மூட வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஏப்ரலில் இடைத்தேர்தல் வரும். உங்கள் தங்கையின் நாற்காலியில் யாராவது உட்கார்ந்த பிறகு நான் நடைக்கூடத்தில் நிற்க வேண்டியிருக்காது. அடுத்த பட்ஜெட்டில் மூடுவதற்குத்தான் கை தூக்குவேன். என்னை நல்லவன் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள்.

எழுபத்தொன்பதில் என் மனைவி நோயில் படுத்திருந்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் மன்றத்துக்குப் போகவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. உங்கள் தங்கை தானாகவே எழுந்து போய், அந்த ஜன்னலருகே நின்றிருக்கிறார். அவருடைய கட்சிக்காரர்கள் அவரைத் துரோகி என்றார்களாம். வசந்தத்தில் நான் திரும்பி வந்தபோது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “அந்த ஜன்னல்ல காத்து உள்ள வருது, மப்ளர் கொண்டாங்க.” உண்மைதான், வருகிறது.

குப்பை வண்டி கவுண்டி மன்றத்தின் வேலை அல்ல. வட்ட மன்றத்தின் வேலை. உங்கள் தங்கை இதைப் பலமுறை சொல்லியிருப்பார், நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அடுத்த மாதமும் வண்டி வராவிட்டால் எனக்கே எழுதுங்கள். அது என் வேலை அல்ல என்று மறுபடியும் பதில் போடுகிறேன்.

உங்கள்
லயனல் ஹார்பாட்டில்